மூன்று சேக்காளிகளுக்கு ஒரே நேரம்: நெல்லைச் சீமையில் மலையோட்டம் நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

மலையோட்டம் நடத்தும் அண்ணாச்சிமாருக்கும் அக்காமாருக்கும் வணக்கம்.

பாளையங்கோட்டையிலும் அம்பாசமுத்திரத்திலும் வள்ளியூரிலும் தார்ச்சாலையில் ஓடிப் பழகியவர்கள் இப்போது மேற்கே பார்க்கத் தொடங்கிவிட்டார்கள். மலைப்பாதை ஓட்டம் என்று அறிவிப்பு வந்தால் போதும், பதிவு நிறைந்துவிடுகிறது. பெயர் கொடுப்பவர்களில் தனியாக வருபவர்கள் குறைவு. மூன்று நான்கு சேக்காளிகள் சேர்ந்து முடிவெடுத்து, சேர்ந்து பயிற்சி செய்து, ஒரே வண்டியில் வந்து இறங்குகிறார்கள். ஆனால் அவர்கள் கையில் நீங்கள் கொடுப்பது தனி எண், தனி நேரம். முதல் ஏற்றத்திலேயே கூட்டம் பிரிந்துவிடும். கால் வலுத்தவர் முன்னே போய்விடுவார், மூச்சு வாங்குகிறவர் பின்தங்குவார். ஒன்றரை மணி நேரம் கழித்து, வெயில் ஏறும் வேளையில், மலையின் மறுபக்கத்துச் சரலில் ஒருவர் யார் கண்ணுக்கும் படாமல் இறங்கிக்கொண்டிருப்பார். சுளுக்கு, வெயில் கிறக்கம், பாம்புக்கடி, வழி தப்புதல் என்று மலையில் எது நேர்ந்தாலும், பக்கத்தில் ஆள் இல்லாததுதான் அதைப் பெரிதாக்குகிறது.

எங்கள் கோரிக்கை ஒன்றுதான். அடுத்த ஓட்டத்தில் மூவர் அணியை முதன்மைப் பிரிவாக வையுங்கள். மூன்று பேரும் சேர்ந்து புறப்பட வேண்டும். ஒவ்வொரு தண்ணீர்ச் சாவடியிலும் மூன்று பேரும் ஒன்றாக நின்று எண் சொல்ல வேண்டும். மூன்றாவது ஆள் முடிவுக் கோட்டைத் தாண்டும் நேரமே அணியின் நேரம். தனியாகத்தான் ஓடுவேன் என்பவர்களுக்கு, முன்பு மலையில் ஓடி முடித்ததற்குச் சான்று கேட்டு, சிறிய பிரிவு ஒன்று வைத்தால் போதும்.

இது நாங்கள் கண்டுபிடித்த யோசனை இல்லை. பிரிட்டனில் 1968இல் தொடங்கிய மலை மாரத்தான் ஒன்றில், கூடாரத்தையும் சாப்பாட்டையும் முதுகில் சுமந்துகொண்டு இருவர் இருவராக ஓடுவது வழக்கம். ஆல்ப்ஸில் மோன் பிளாங்க் மலையைச் சுற்றி நடக்கும் ஓட்டத் திருவிழாவில் மிக நீளமான, கரடுமுரடான பிரிவுக்கு இரண்டு அல்லது மூன்று பேர் அணியாகத்தான் பெயர் கொடுக்க முடியும். மலை அனுபவம் கூடக்கூட அவர்கள் ஆளைத் தனியே விடத் தயங்குகிறார்கள்.

ஏன் மூன்று? ஒருவருக்கு அடிபட்டால் ஒருவர் கூட இருக்கலாம், இன்னொருவர் அடுத்த சாவடிக்குப் போய் ஆள் அழைக்கலாம். இரண்டு பேர் மட்டும் என்றால் அடிபட்டவரைத் தனியே விட்டுத்தான் உதவி தேட வேண்டும். நான்கு பேர் என்றால் ஒற்றையடித் தடத்தில் வால் நீண்டு, முன்னால் போகிறவருக்குப் பின்னால் வருகிறவரின் நிலை தெரியாமல் போகும்.

விதியைத் தெளிவாக எழுதாவிட்டால் அணி என்பது பெயரளவில்தான் நிற்கும். மூவருக்கும் இடையே எப்போதும் குரல் எட்டும் தூரமே இருக்கலாம் என்று எழுதுங்கள். இத்தனை மீட்டர் என்று எழுதினால் யாரும் அளக்கப் போவதில்லை. கூப்பிட்டால் பதில் வருகிறதா என்பதை எல்லோராலும் சோதிக்க முடியும். சாவடியில் முதல் ஆளுக்கும் மூன்றாம் ஆளுக்கும் ஒரு நிமிடத்துக்கு மேல் இடைவெளி இருந்தால் அந்த இடைவெளியைப் போல இரண்டு மடங்கு நேரத்தை அணியின் கணக்கில் கூட்டுங்கள். ஏற்றத்தில் மெதுவாகப் போகிறவர் முன்னே நடக்கட்டும், வேகத்தை அவர் வைக்கட்டும். வலுத்தவர் அவருடைய தண்ணீரை வாங்கிச் சுமக்கலாம். அதற்கு விதியில் இடம் கொடுங்கள். இடுப்பில் கயிறு கட்டி இழுப்பதை மட்டும் தடை செய்யுங்கள். பாறையில் ஒருவர் வழுக்கினால் இருவரும் சேர்ந்து விழுவார்கள்.

ஒருவரால் தொடர முடியாவிட்டால் மற்ற இருவரும் அவரைச் சாவடியில் ஒப்படைத்துவிட்டுத்தான் நகர வேண்டும். ஒப்படைத்ததற்கு அடையாளமாக அவருடைய மார்பு எண்ணில் பாதியைக் கிழித்துச் சாவடிப் பொறுப்பாளர் வாங்கி வைத்துக்கொள்ளட்டும். மாலையில் எண்ணிக்கை சரிபார்க்கும்போது வாய்ச்சொல்லைவிட அந்தத் துண்டுச்சீட்டு நம்பகமானது. மீதி இருவரும் பின்னால் வரும் இன்னொரு அணியோடு சேர்ந்து, பரிசுக் கணக்கில் இல்லாமல், ஓடி முடிக்கலாம்.

சேக்காளிகள் சேர்ந்து ஓடுவதில் ஒரு கெடுதலும் உண்டு, அதை மறைக்க வேண்டியதில்லை. வலுத்தவரின் வேகத்துக்கு மற்றவர் இழுபடுவார். தலை சுற்றினாலும் "ஒண்ணும் இல்லல, போ" என்று சொல்லிச் சமாளிப்பார். தன்னால் மூன்று பேருக்கும் நேரம் போகிறதே என்ற கூச்சம் அவரை வாயடைக்கும். ஆகவே சாவடியில் நிற்பவர்கள் அணியாகப் பார்த்து "எல்லாரும் நல்லா இருக்கீங்களா" என்று கேட்டு அனுப்பக் கூடாது. மூவரையும் தனித்தனியே நிறுத்தி இரண்டு கேள்வி கேட்க வேண்டும்: கடைசியாக எப்போது, எவ்வளவு தண்ணீர் குடித்தீர்கள்? உங்கள் சேக்காளியின் எண் என்ன? இரண்டாவது கேள்விக்குத் தடுமாறுகிறவரையும், கோபப்படுகிறவரையும், நேராக நிற்க முடியாதவரையும் நிழலில் உட்கார வையுங்கள். வெயில் தாக்கத்தின் முதல் அறிகுறி பெரும்பாலும் புத்தி மங்குவதுதான். அது தாக்கப்பட்டவருக்குத் தெரியாது, கூட ஓடி வந்தவர்தான் கண்டுபிடிக்க முடியும்.

பரிசுத் தொகையைக் குறைத்து, அந்தப் பணத்தில் ஆம்புலன்சுக்கும் ஐஸ் கட்டிக்கும் ஏற்பாடு செய்யுங்கள். பரிசு கொடுத்தே ஆக வேண்டுமென்றால், முதல் பாதியையும் இரண்டாம் பாதியையும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் ஓடிய அணிக்கு ஒன்று கொடுங்கள். முதல் ஏற்றத்தில் பாய்கிறவர்களை அடக்க அதைவிட நல்ல வழி எங்களுக்குத் தெரியவில்லை. இதற்கு இரண்டு பாதியிலும் ஏற்றம் ஏறக்குறைய சமமாக இருக்கும்படி பாதை போட வேண்டும்.

அடுத்தது இடம். மாஞ்சோலை, காரையாறு, செங்கல்தேரி என்று கேட்டவுடன் கால் துடிக்கும். வேண்டாம். இவை இருக்கும் காட்டில் 1962இல் முண்டந்துறையும் 1976இல் களக்காடும் சரணாலயங்களாகி, 1988இல் இரண்டும் சேர்ந்து தமிழகத்தின் முதல் புலிகள் காப்பகம் ஆனது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதி இல்லாமல் உள்ளே போக முடியாது. அனுமதி கிடைக்குமா என்பது வேறு கேள்வி, கேட்கலாமா என்பதே எங்கள் கேள்வி. நூற்றைம்பது பேர் விசில் அடித்துக்கொண்டு, வண்ணச் சட்டையில், ஒரே காலையில் யானைத் தடத்தில் ஓடுவது யானைக்கும் ஆகாது, ஓடுகிறவருக்கும் ஆகாது. ஆடி அமாவாசைக்குச் சொரிமுத்து அய்யனார் கோயிலிலும், புரட்டாசிச் சனிக்கிழமைகளில் திருக்குறுங்குடி மலை நம்பி கோயிலிலும் கூடும் கூட்டத்தையே அந்தக் காடு தாங்க வேண்டியிருக்கிறது.

நம் பக்கத்தில் பொத்தைகளுக்குப் பஞ்சமில்லை. காப்பகத்துக்கு வெளியே, வயலுக்கு நடுவே எழுந்து நிற்கும் இந்தப் பாறைக் குன்றுகளில் இரண்டு மூன்றை ஏறி இறங்கி, இடையில் குளக்கரையும் ஓடைத் தடமும் பனங்காடும் சேர்த்தால், 15 கிலோமீட்டரில் 500 மீட்டர் ஏற்றம் கிடைத்துவிடும். சில பொத்தைகள் காப்புக்காடாகவோ கோயில் இடமாகவோ ஊர்ப் பொதுவாகவோ இருக்கும். யாருடையது என்று கிராம நிர்வாக அலுவலரிடம் பார்த்து, வனத்துறை, கோயில், ஊராட்சி என்று அந்தந்த இடத்தில் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். பிறகு ஊர்ப் பெரியவர்களை நேரில் பார்த்துச் சொல்லுங்கள். குன்றின் மேல் சாமி இருந்தால் செருப்போடு எதுவரை போகலாம் என்று முதலிலேயே கேட்டு, அந்த இடத்துக்குக் கீழேயே பாதையைத் திருப்பிவிடுங்கள்.

காலம் தை மாதம். பொங்கல் முடிந்து ஏறக்குறைய மூன்று வாரம்தான் நல்ல இடைவெளி. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை ஓடைகளை நிரப்பிவிடும். ஆனி, ஆடியில் கணவாய்க் காற்றும் சாரலும் பாறையில் பாசி பிடிக்க வைக்கும். மாசி பிற்பகுதிக்குமேல் புல் காய்ந்து தீப்பருவம் தொடங்கும். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்ததை மறந்துவிட்டு மார்ச்சில் தேதி குறிக்காதீர்கள். சரிவில் தீ மேல்நோக்கித்தான் வேகமாகப் பரவும், மனிதர் ஓடும் வேகத்தைவிட அதன் வேகம் கூட. தையிலும் இரண்டு கவனம் வேண்டும். வயலில் பிசானப் பருவ நெல் நிற்கும், ஆகவே வரப்பில் ஆளை ஓடவிடாதீர்கள். தைப்பூசத்துக்குத் திருச்செந்தூர் போகும் பாதயாத்திரைக் கூட்டம் சாலை நிறைய இருக்கும், அந்த வாரம் ஆம்புலன்சும் போலீசும் அங்கேதான் நிற்பார்கள்.

வெயிலுக்குப் பயந்து நான்கரை மணிக்கே புறப்படவிடுவது கெட்டிக்காரத்தனமாகத் தெரியும். அடிவாரப் பொத்தைகளில் கரடி இருட்டில்தான் நடமாடும், புற்றையும் பழத்தையும் தேடி. மலைச்சரிவில் நெற்றி விளக்கு வெளிச்சத்தில் ஓடிப் பழகாதவர்கள் கணுக்காலை மடித்துக்கொள்வார்கள். தை மாதம் நம் ஊரில் சூரியன் 6.40 வாக்கில் உதிக்கிறது. ஆறரைக்குப் புறப்பட்டால் தடம் தெரியும்.

நேரக் கெடு பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். பெரும்பாலான அறிவிப்புகளில் கெடு சாலை ஓட்டக் கணக்கிலேயே இருக்கிறது, பிழை அங்கேதான் நுழைகிறது. 1892இல் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி சொன்ன கணக்கு இன்றும் பொருந்துகிறது: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், 600 மீட்டர் ஏற்றத்துக்கு இன்னொரு மணி நேரம். நம் 15 கிலோமீட்டருக்கு மூன்று மணி நேரம், 500 மீட்டர் ஏற்றத்துக்கு 50 நிமிடம், ஆக 3 மணி 50 நிமிடம். இது நடக்கிறவர் கணக்கு. சாவடியில் நிற்பதையும் கடைசி அணியின் களைப்பையும் சேர்த்து நாலரை மணி நேரம் என்று வைத்தால், ஆறரைக்குப் புறப்பட்டவர்கள் பதினொன்றுக்குள் நிழலுக்கு வந்துவிடுவார்கள். அதே பொத்தையை இன்னொரு முறை ஏறவைத்து 20 கிலோமீட்டர், 800 மீட்டர் ஏற்றம் என்று ஆக்கினால் கணக்கு 5 மணி 20 நிமிடத்துக்குப் போகும். கடைசி ஆள் உச்சி வெயிலில், சூடேறிய பாறை மேல் இருப்பார். தூரத்தைக் கூட்ட ஆசை வரும்போது இந்த இரண்டு எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

இடைக்கெடுவைத் தூரத்தை மட்டும் பார்த்து வைக்காதீர்கள். தண்டவாளம் போலச் சமமான பாதை இல்லையே இது. 8ஆவது கிலோமீட்டரில் 270 மீட்டர் ஏற்றம் முடிந்திருக்கிறது என்றால் கணக்கு 1 மணி 36 நிமிடமும் 27 நிமிடமும் சேர்ந்து 2 மணி 3 நிமிடம். கெடுவை 2 மணி 20 நிமிடத்தில் வைத்து, அதற்குமேல் வரும் அணியைச் சாலை வழியே இறக்கிவிடுங்கள். அந்தச் சாவடி வண்டி வரக்கூடிய இடத்தில் இருக்க வேண்டும். மலையுச்சியில் கெடு வைத்து நிறுத்தினால், ஓட முடியாதவர்களையே மறுபடி நடக்கவைத்து இறக்குகிறோம். உலக அளவில் ஓட்டங்களை வகைப்படுத்துவோர் ஏற்றத்தில் 100 மீட்டரை ஒரு கிலோமீட்டராக எண்ணித் தூரத்தோடு கூட்டுகிறார்கள். நம் ஓட்டம் அந்தக் கணக்கில் 20. அறிவிப்பில் 15 கிலோமீட்டர் என்று மட்டும் போடாமல் இந்த 20ஐயும் போட்டால், 15 தானே என்று வருகிறவர் ஒருமுறை யோசிப்பார்.

தண்ணீர்க் கணக்கு: 50 அணி, 150 பேர், 3 சாவடி. ஒருவருக்குச் சாவடிக்கு 600 மில்லி குடிக்க என்றால் 270 லிட்டர். கடைசி இரண்டு சாவடியில் தலையிலும் பிடரியிலும் ஊற்ற ஆளுக்கு அரை லிட்டர் வீதம் 150 லிட்டர். மொத்தம் 420. நாலில் ஒரு பங்கு கூடுதலாக வைத்தால் 525, அதாவது 20 லிட்டர் கேன் 27. ஊற்றும் தண்ணீரைக் கணக்கில் சேர்க்க மறப்பதால்தான் கடைசி அணிக்கு வெறும் கேன் மிஞ்சுகிறது. முந்தின மாலையே கேனை மேலே ஏற்றினால் காவலுக்கு ஆள் படுக்க வேண்டும், இல்லாவிட்டால் குரங்கு உருட்டிவிடும். ஒவ்வொரு ஓட்டக்காரரும் ஒரு லிட்டராவது சுமந்து வர வேண்டும் என்பதைப் புறப்படும் இடத்தில் பாட்டிலைத் தூக்கிப் பார்த்து உறுதி செய்யுங்கள்.

உப்பும் கவனிக்க வேண்டிய பொருள். வெறும் தண்ணீரை மூன்று நான்கு மணி நேரம் தாகத்துக்கு மீறிக் குடித்தால் ரத்தத்தில் சோடியம் குறைந்து தலைவலி, வாந்தி, குழப்பம், வலிப்பு வரை போகும். பார்க்க வெயில் கிறக்கம் போலவே இருக்கும், ஆனால் மேலும் தண்ணீர் கொடுத்தால் மோசமாகும். கை மோதிரம் இறுகி, விரல் வீங்கி, வயிறு தண்ணீரால் குலுங்கினால் சந்தேகப்படுங்கள், மருத்துவரிடம் அனுப்புங்கள். தாகத்துக்குக் குடியுங்கள் என்பதே சொல்ல வேண்டிய அறிவுரை. உப்புச்சர்க்கரைக் கரைசல் வைப்பதானால் உலகச் சுகாதார நிறுவனக் கலவை என்று அச்சிட்ட பொட்டலம் முழுவதையும் ஒரு லிட்டரில் கரையுங்கள். அரைப் பொட்டலம், கால் பாட்டில் என்று கண்ணளவில் கரைத்தால் வயிற்றைக் கலக்கும்.

சாப்பாட்டுக்கு வெளிநாட்டு ஜெல் தேவையில்லை. மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து போதும். ஒரு வாழைப்பழத்தில் 20 கிராமுக்குமேல் இருக்கிறது, ஒரு சின்னக் கருப்பட்டித் துண்டும் அதே அளவு கொடுக்கும். கோவில்பட்டிக் கடலை மிட்டாய் ருசி, ஆனால் கடலையில் உள்ள எண்ணெய் செரிக்க நேரம் பிடிக்கும், முதல் சாவடியில் மட்டும் வையுங்கள். உப்புப் போட்ட மோரும் எலுமிச்சைச் சாறும் இரண்டாவதில் இருக்கட்டும்.

வெயில் தாக்கத்துக்கு மருத்துவமனைக்கு ஓடுவதற்கு முன் ஆளைக் குளிர்விக்க வேண்டும். உடல் வெப்பம் 40 டிகிரிக்கு மேல் போய்ப் புத்தி தடுமாறினால் அரை மணி நேரத்துக்குள் அந்த வெப்பத்தை இறக்கியாக வேண்டும். ஆம்புலன்சில் ஏற்றிப் பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் நேரத்தில் மூளையும் ஈரலும் சேதமாகலாம். முடிவுக் கோட்டருகே ஒரு பெரிய தார்ப்பாயும், 150 லிட்டர் தண்ணீரும், மீன் வண்டிக்கு ஐஸ் போடும் கடையில் முந்தின நாளே சொல்லிவைத்த இரண்டு பார் ஐஸும் வையுங்கள். ஆறு பேர் தார்ப்பாயின் ஓரங்களைத் தூக்கிப் பிடித்துத் தொட்டிபோல ஆக்கி, ஆளை நடுவில் கிடத்தி, ஐஸ் தண்ணீரை ஊற்றி அசைத்துக்கொண்டே இருக்க வேண்டும். தலை மட்டும் வெளியே, ஒருவர் பிடித்தபடி. இதைத் தொண்டர்கள் முந்தின வாரம் ஒருமுறை செய்து பார்க்கட்டும்.

புறப்படும் முன்பே வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஓடும் பழக்கம் பரவியிருக்கிறது. டைக்ளோஃபெனாக், இபுப்ரோஃபென் வகை மாத்திரைகள் உடலில் நீர் குறைந்திருக்கும்போது சிறுநீரகத்தைக் கெடுக்கும். விதிப் புத்தகத்தில் இதை ஒரு வரியாகப் போடுங்கள். ஓட்டம் முடிந்து சிறுநீர் கருங்காப்பி நிறத்தில் போனால் அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்பதையும் சேர்த்துப் போடுங்கள்.

இறக்கத்தில்தான் ஆள் விழுகிறார், ஏற்றத்தில் இல்லை. இறங்கும்போது தொடைத் தசை நீண்டுகொண்டே தாங்க வேண்டியிருப்பதால் நுண்ணிய கிழிசல் உண்டாகும், கால் நடுங்கும், பிறகு சின்னக் கல்லுக்கும் கணுக்கால் மடங்கும். ஓட்டத்துக்கு இரண்டு மூன்று வாரம் முன்பு ஒரே ஒருமுறை நன்றாக இறங்கிப் பழகினாலே அடுத்த சில வாரங்களுக்குத் தசை தாங்கிக்கொள்ளும். சமவெளியில் இருக்கிறவர்கள் ரயில்வே மேம்பாலத்திலோ குளக்கரைப் படியிலோ பழகலாம். இறங்கும்போது அடி சின்னதாக, கண் மூன்று நான்கு அடி முன்னே, அணிக்குள் ஆளுக்கும் ஆளுக்கும் பத்தடி இடைவெளி. முன்னால் போகிறவர் கல்லை உருட்டினால் "கல்லு" என்று கத்த வேண்டும். ஷூவின் அடியில் நாலு, ஐந்து மில்லிமீட்டர் பல் இருந்தால் சரலில் பிடிக்கும். பெருவிரலுக்கு முன் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும், இல்லாவிட்டால் இறக்கம் முடியும்போது நகம் கறுத்திருக்கும்.

நம் தடத்துக்கே உரிய தொல்லை முள். சீமைக்கருவேல முள்ளும் உடைமுள்ளும் மெத்தென்ற ஷூ அடியைத் துளைத்துக்கொண்டு பாதத்தில் ஏறும். ஒவ்வொரு அணியும் ஒரு முள்வாங்கி கொண்டுவரட்டும். அதோடு பத்து சென்டிமீட்டர் அகலக் கட்டுத்துணி ஒன்று, உப்புச்சர்க்கரைப் பொட்டலம் இரண்டு, விசில் மூன்று, நாலு முழ வேட்டி ஒன்று. வேட்டியை நனைத்துப் போர்த்தினால் குளிர்விக்கும், கிழித்தால் தூளி ஆகும், விரித்தால் நிழல்.

பொத்தைப் பாறையில் மலைத்தேனீக் கூடு இருக்கிறதா என்று பத்து நாள் முன்பும் முந்தின நாளும் பாருங்கள். இருந்தால் அந்தப் பக்கமே பாதை வேண்டாம், படம் எடுக்கும் டிரோன் எங்கேயும் வேண்டாம். கொட்டினால் முகத்தை மூடிக்கொண்டு ஓடிவிட வேண்டும், கொடுக்கை உடனே சுரண்டி எடுக்க வேண்டும். மூச்சுத் திணறி, உதடு வீங்கினால் தொடையில் அட்ரினலின் ஊசி போடத் தெரிந்த மருத்துவர், மருந்தோடு களத்தில் இருக்க வேண்டும். பாம்பு கடித்தால் கீறுவதும் இறுகக் கட்டுவதும் கூடாது. காலை அசைக்காமல் தூக்கிக்கொண்டு போக வேண்டும். அருகிலுள்ள எந்த அரசு மருத்துவமனையில் விஷமுறிவு மருந்து இருப்பில் உள்ளது என்று முந்தின நாளே நேரில் கேட்டு, அந்தப் பெயரை எல்லாச் சாவடியிலும் எழுதி ஒட்டுங்கள். புதர் வழியே ஓடியவர்களுக்குப் பத்து நாளுக்குள் காய்ச்சலும், உடலில் சிகரெட் சுட்டதுபோல ஒரு கறுப்புப் புண்ணும் வந்தால் உண்ணிக்காய்ச்சலாக இருக்கலாம், மருத்துவரிடம் மலையில் ஓடியதைச் சொல்ல வேண்டும். இதை ஓட்டம் முடிந்த அன்று எல்லோர் கைப்பேசிக்கும் செய்தியாக அனுப்பிவிடுங்கள்.

வழிக்குறிக்குச் செம்மண்ணில் சிவப்பும் காவியும் மறைந்துபோகும், பச்சை மரத்தில் கலந்துபோகும். நீல நாடா எடுப்பாகத் தெரியும். நேர்வழியில் நூறு மீட்டருக்கு ஒன்று, பிரிவில் மூன்று, தப்பான பக்கத்தின் குறுக்கே சுண்ணாம்புத் தூளில் ஒரு கோடு. தலைக்குமேல் கைக்கெட்டும் உயரத்தில் கட்டுங்கள், இல்லாவிட்டால் ஆடு மென்றுவிடும். விடியற்காலையில் ஒருவர் முழுப் பாதையும் ஓடிச் சரிபார்க்க வேண்டும். கடைசி அணியின் பின்னால் வரும் இருவர் நாடாவை அவிழ்த்துக்கொண்டே வரலாம், ஆனால் குப்பை பொறுக்குவதும் அவர்கள் வேலையாகிவிட்டால் ஆளைக் கவனிக்க மாட்டார்கள். குப்பைக்கு வேறு ஆள் போடுங்கள்.

பொத்தையின் மறுபக்கம் கைப்பேசிக் கோபுரம் கண்ணில் படாது. உச்சியில் ஒருவரை நிறுத்தி இரு பக்கமும் செய்தி கடத்தவிடுங்கள், உரிமம் பெற்று வானொலிக் கருவியில் பேசிக்கொள்ளும் ஹாம் ஆர்வலர்கள் கிடைத்தால் இன்னும் நல்லது. ஒருவரைத் தூக்கி இறக்க எட்டுப் பேர் மாற்றி மாற்றிப் பிடிக்க வேண்டும், ஒரு கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம்கூட ஆகும். அந்த எட்டுப் பேரை எங்கே தேடுவது? அந்தப் பொத்தையில் ஆடு மேய்க்கிறவர்களைக் கேளுங்கள். 2021 மே 22 அன்று சீனாவின் கான்சு மாகாணத்தில் நடந்த நூறு கிலோமீட்டர் மலையோட்டத்தில் திடீர் மழையிலும் குளிர்காற்றிலும் 172 பேரில் 21 பேர் இறந்தார்கள். அன்று ஆறு ஓட்டக்காரர்களைக் காப்பாற்றியவர் குகையில் ஒதுங்கியிருந்த ஓர் ஆட்டிடையர். மலையை நன்றாக அறிந்தவர்கள் அங்கே தினமும் ஏறுகிறவர்கள்தான். அன்றைய கூலியை இரட்டிப்பாகக் கொடுத்து, மூங்கிலும் சமுக்காளமும் கொடுத்து, ஒவ்வொரு பொத்தையிலும் உட்கார வையுங்கள். சாவடிப் பொறுப்பாளரின் பட்டியலில் அவர்கள் பெயரும் இருக்கட்டும்.

கடைசியாகப் பதிவுப் படிவம். மூன்று பெயருக்கும் மூன்று கட்டம் போடுங்கள், ஒன்று காலியாக இருந்தால் பதிவை ஏற்காதீர்கள். சேக்காளி கிடைக்காதவர்களுக்குத் தனிப் பட்டியல் வையுங்கள். ஓட்டத்துக்கு மூன்று வாரம் முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை வெள்ளன அவர்களை ஒரு குளக்கரைக்கு வரச்சொல்லி, 6 கிலோமீட்டர் சேர்ந்து ஓடவிட்டு, மூச்சும் நடையும் ஒத்துப்போகிறவர்களை மும்மூன்றாகச் சேர்த்துவையுங்கள். பெண்கள் கேட்டால் பெண்கள் மட்டும் சேர்ந்த அணிக்கு வழி செய்யுங்கள். தை ஓட்டத்துக்குப் படிவம் கார்த்திகையிலேயே வெளிவர வேண்டும், அதற்கு இந்த விதிகளை ஐப்பசிக்குள் எழுதி முடிக்க வேண்டும்.

அன்புடன்,
நெல்லைச் சீமையின் மலையோட்டக்காரர்கள், சாவடித் தொண்டர்கள் சிலர்